சனிக்கிழமைப் பங்கு

விமலேஸ்வரிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தபோது அவளுடைய தங்கை சுகந்தினி கனடாவிலிருந்து லீவெடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். செலவையும் அவளே பார்த்தாள். முள்ளியவளை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்த அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இனி அந்தத் தோட்டத்துக்குள்ள நீங்கள் கால் வைக்கக் கூடாது அக்கா. குந்தக் கூடாது. மண்வெட்டி தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"ஓம்," என்றாள் விமலேஸ்வரி.

அவளுடைய கணவர் வீரகத்தி பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த 'ஓம்' உடன் குடும்பம் நடத்துகிறவர். அது சம்மதமல்ல, கதையை முடிப்பதற்கு அவள் வைத்திருக்கும் ஒரு வழி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தோட்டம் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, குளத்து வாய்க்கால் ஓரம் இருந்தது. ஒரு ஏக்கர். தாய் வழியில் வந்த காணி. காணி உறுதிப் பத்திரத்தில் இரண்டு சகோதரிகளின் பெயரும் இருந்தது. சுகந்தினி தன் பாதியைக் கேட்டதுமில்லை, அதைப் பற்றி நினைத்ததுமில்லை.

சில மாதங்கள் விமலேஸ்வரி சத்தியத்தைக் காப்பாற்றினாள். விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு வீதியால் போகிற சைக்கிள்களைப் பார்த்தாள். யார் எத்தனை மணிக்குச் சந்தைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் பாடமாகிவிட்ட பிறகு, ஒருநாள் வாய்க்கால் மட்டும் நடந்துவரப் போனாள். வைத்தியரும் நடக்கச் சொல்லித்தான் இருந்தார். போன இடத்தில் வேலியோரம் தானாக முளைத்து நின்ற ஒரு கத்தரிக் கன்று புல்லுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்லுப் பிடுங்கினாள். அவ்வளவுதான். மழை வந்தபோது கத்தரி ஒரு வரிசையாகியிருந்தது. பிறகு பயித்தை, புடோல், பாவல். மாரி முடிய முன்னமே தோட்டம் பழைய தோட்டமாகிவிட்டது.

சுகந்தினி தொலைபேசியில் கேட்டாள்: "தோட்டம் சும்மாதானே கிடக்கு?"

"இல்லை, வீரம்மாவுக்குக் குத்தகைக்குக் குடுத்திட்டன்," என்றாள் விமலேஸ்வரி. முதலில் வாயில் வந்த பெயர் அதுதான்.

வீரம்மா அடுத்த ஒழுங்கையில் இருந்தவள். மலைநாட்டில் தமிழருக்கு எதிராக வன்செயல் நடந்த காலத்தில் அவளுடைய தகப்பன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வாய்க்காலுக்கு அப்பால் உறுதியில்லாத ஒரு துண்டில் வீரம்மா மரவள்ளி போட்டிருந்தாள். நேரம் கிடைத்தால் விமலேஸ்வரியின் தோட்டத்துக்கும் வந்து கைகொடுப்பாள். குத்தகைச் செய்தியை விமலேஸ்வரி அவளிடம் சொன்னபோது, "சரிங்க அக்கா, என் பேருக்கு என்ன கெட்டுப்போகுது," என்று சிரித்தாள்.

அதன்பிறகு சுகந்தினி அழைக்கிற நேரத்தில் அக்கா தோட்டத்தில் நின்றால், "குளிக்கிறா" என்று சொல்வது வீரகத்தியின் வேலையாயிற்று.

"அக்கா ஏன் அத்தான் எந்த நேரமும் குளிக்கிறா?" என்று ஒருநாள் சுகந்தினி கேட்டாள்.

"வெக்கை," என்றார் வீரகத்தி. வெளியே அடை மழை பெய்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில்தான் ஊரில் பெண்கள் தோட்டச் சங்கம் ஒன்று பங்குப்பை என்று ஒரு வேலையைத் தொடங்கியது. சங்கத்தை நடத்தியவள் தர்மிளா என்ற கெட்டிக்காரப் பிள்ளை. முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உத்தியோகம் பார்க்கிறவர்கள் போகம் தொடங்கும்போதே சங்கத்தில் பணத்தைக் கட்டிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும், அந்தக் கிழமை தோட்டங்களில் என்ன காய்த்ததோ அதில் அவர்களுடைய பங்கு ஒரு பையில் வீட்டுக்குப் போகும். இது வேண்டும், அது வேண்டாம் என்ற கதை இல்லை. வெண்டி காய்த்தால் வெண்டி. பூசணி காய்த்தால் பூசணி, அது காய்த்து முடியும்வரை பூசணி. சங்கத்துக்கு அதிகமாக மரக்கறி கொடுத்தவள் விமலேஸ்வரி.

கனடாவில் சுகந்தினியும் இப்படி ஒரு பண்ணையிலிருந்து பை எடுக்கிறவள். அங்கே பெயர் தெரியாத இலைகளையெல்லாம் அவித்துச் சாப்பிட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பாள். யாரோ சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கே அக்காவின் பெயரைப் பதிந்து, போகம் முழுவதற்கும் கட்டிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை விடியக்காலை விமலேஸ்வரி தன் கூடையைச் சங்கத்தில் இறக்கிவிட்டு வந்தாள். மத்தியானத்துக்கு முன் தர்மிளா ஸ்கூட்டியில் வந்து படலையடியில் நின்றாள். கையில் ஒரு பை.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. இதில உங்கட பேர்தான் கிடக்கு. கனடாவில இருந்து கட்டியிருக்கினம்."

விமலேஸ்வரி பையைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கொட்டினாள். காலையில் தான் பிடுங்கிய கத்தரிக்காய்கள் அவளை நிமிர்ந்து பார்த்தன. புடோல் அவளுடையது. பாவற்காய் அவளுடையது. ஒரு பூசணித் துண்டு மட்டும் வேறு யாருடையதோ.

"திருப்பிக் கொண்டுபோ பிள்ளை."

"கொண்டுபோகலாம் அன்ரி. ஆனா காசு கட்டின ஆளுக்கு நான் காரணம் சொல்லவேணும். என்ன சொல்ல?"

விமலேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். பிறகு கத்தரிக்காயைக் கழுவத் தொடங்கினாள்.

அன்று மத்தியானம் வீரகத்தி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு கேட்டார்: "இது எந்தத் தோட்டத்துக் காய்?"

"எங்கட."

"எங்கட காய் இப்பிடி இருக்காதே."

அவர் சொன்னது சரிதான். நேரான புடோல், புழு குத்தாத கத்தரி, பிஞ்சுப் பயித்தங்காய் எல்லாம் எப்போதும் விற்பனைக்குப் போய்விடும். வளைந்ததும் முற்றியதும் ஓட்டை விழுந்ததும்தான் இந்த வீட்டுச் சட்டிக்கு வந்து சேரும். இத்தனை வருடமாகத் தோட்டம் செய்தும் தன் கையால் விளைந்த நல்ல காயை விமலேஸ்வரி தின்றுபார்த்ததில்லை. கனடாவிலிருந்து ஒருத்தி காசு கட்டின பிறகுதான் அது அவளுடைய வாய்க்குள் போனது. பாவற்காய்க் கறியை ஒரு வாய் வைத்துவிட்டு, தான் இவ்வளவு நல்ல தோட்டக்காரி என்று இதுவரை யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் தொல்லையும் அந்தப் பையோடுதான் வந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் சுகந்தினி வீடியோவில் வந்துவிடுவாள். பையில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டவேண்டும். என்ன சமைத்தாள் என்று சொல்லவேண்டும். ஒன்றையும் எறியக்கூடாது. பூசணித் தோலில் சம்பல் செய்யலாமாம். கீரைத் தண்டை நார் எடுத்துப் பால்கறி வைக்கலாமாம். பாவற்காய் விதையைப் பொரிக்கலாமாம். நாற்பது வருடமாகச் சமைக்கிறவளுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவள் மாதிரித் தங்கை பாடம் எடுத்தாள். வீரகத்தி பூசணித் தோல் சம்பலைத் தின்றுவிட்டு இரண்டாம் முறை சோறு போடாமல் எழும்பிப் போனார்.

விற்பனைக்கு உதவாத காய் ஏற்கெனவே வீடு நிறைய. அதற்கு மேல் இந்தப் பை. இரண்டு பேர் எவ்வளவைத் தின்பது? வீரம்மாவுக்குக் கொடுத்துப் பார்த்தாள். அவளும் சங்கத்துக்கு மரவள்ளி கொடுக்கிறவள், அவள் வீட்டிலும் மிச்சம்தான். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிரிட்ஜுக்குள் கிடந்த பயித்தங்காய்க் கட்டு இரண்டை எடுத்து, அடுத்த நாள் கூடையில் புதுக் காய்களுக்கு அடியில் வைத்துச் சங்கத்துக்கே அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை தர்மிளா வந்தாள். இந்த முறை ஸ்கூட்டியை விட்டு இறங்கினாள்.

"முல்லைத்தீவில ஒரு டொக்டர் வீட்டில இருந்து முறைப்பாடு, அன்ரி. பயித்தங்காய் வாடிக் கிடந்ததாம்."

"வெயில்தானே பிள்ளை."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். ஆனா கட்டு அவிழ்க்காமல் படம் எடுத்து அனுப்பியிருக்கினம். அது போன கிழமை நான் கட்டி உங்கட பையில போட்ட பச்சை நூல்."

விமலேஸ்வரிக்கு முகம் எரிந்தது. தோட்டக்காரி என்ற பெயரோடு இருபது வருடம் இருந்தவள் பழைய காயைத் தள்ளப் பார்த்து ஒரு நூலில் பிடிபட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் சத்தியம், குத்தகை, குளிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். தர்மிளா சிரிக்காமல் கேட்டாள். அதற்கு அவள் நிறையப் பாடுபட்டாள் என்பது தெரிந்தது.

"சொல்லிவிடுங்கோ அன்ரி. உங்கட தங்கச்சிதானே."

"சொன்னால் அடுத்த பிளேனில வந்து என்னைக் கட்டிலோட கட்டிப்போட்டிடுவாள்."

தர்மிளா எழும்பப் போனவள் திரும்பினாள். "இன்னொரு சிக்கலும் இருக்கு. வெளிநாட்டில இருந்து காசு கட்டுற ஆக்கள் தோட்டக்காரரின்ர படம் கேட்கினம். இந்த மாதம் உங்கட படம் போடுறதாத்தான் முடிவு."

இப்படித்தான் வீரம்மா, நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு, விமலேஸ்வரியின் புடோல் பந்தலுக்குக் கீழே நின்று படத்துக்குச் சிரித்தாள். அவளும் சங்கத்தில் ஒரு தோட்டக்காரிதானே என்று தர்மிளா தன் மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். படத்துக்குக் கீழே 'வீரம்மா, முள்ளியவளை' என்று மட்டும் எழுதினாள்.

படம் வெளிவந்த அன்று பின்னேரம் சுகந்தினி வீடியோவில் வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பாத்தனான் அக்கா. எங்கட காணியை அந்தப் பெண் என்ன வடிவா வைச்சிருக்கிறா. நீங்கள் செய்த காலத்தில கூட இப்பிடி இருக்கேல்லை."

விமலேஸ்வரி போனை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"அந்தப் பந்தலைப் பாருங்கோ. ஒரு கோணல் இல்லை. எவ்வளவு பாடுபட்டிருப்பா."

"ம்."

பந்தலுக்குத் தடி வெட்டிக் கட்டிய கை, திரைக்கு இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வீரம்மா புராணம்தான். வீரம்மாவின் கத்தரி, வீரம்மாவின் பாவல், வீரம்மாவின் கைராசி. சுகந்தினி தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அந்தப் படத்தை அனுப்பினாள். ஒருநாள் பொறுக்காமல் விமலேஸ்வரி, "அவளுக்குப் பாவல் அவ்வளவு வராது," என்றாள்.

"பொறாமை வேண்டாம் அக்கா," என்றாள் தங்கை அன்பாக. "நீங்களும் ஒரு பொழுதுபோக்குக்கு விறாந்தையில ஒரு சட்டி வைச்சுக் கொத்தமல்லி போட்டுப் பாருங்கோவன். கஷ்டமெண்டால் வீரம்மாவைக் கேளுங்கோ, சொல்லித் தருவா."

வீரகத்தி அந்த நேரம் பார்த்து இருமிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சுகந்தினி வந்தாள். வந்த மறுநாளே வீரம்மாவைப் பார்க்கவேண்டும் என்றாள். வீரகத்தி ஒரு பிளாஸ்டிக் கதிரையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். தோட்டத்து மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு அக்காவை அதில் இருத்திய பிறகுதான் சுகந்தினி உள்ளே கால் வைத்தாள். விமலேஸ்வரி தன் தோட்டத்தில் விருந்தாளியாக இருந்தாள்.

வீரம்மா தன் பங்கைச் சரியாகச் செய்தாள். கொஞ்சம் அதிகமாகவே செய்தாள். "விடிய நாலு மணிக்கெல்லாம் வந்திருவேங்க," என்றாள். "அக்கா நல்லவங்க, குத்தகையைக் கூட நெருக்கிக் கேக்க மாட்டாங்க." சுகந்தினி பாவலுக்கு என்ன பசளை போடுவது என்று கேட்டபோது வீரம்மா ஏதோ ஒன்றைச் சொன்னாள். அது பிழை. விமலேஸ்வரி கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

தோட்டத்தைச் சுற்றி முடித்துவிட்டுச் சுகந்தினி மாமரத்தடிக்கு வந்தாள். வீரம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள்.

"அக்கா, நான் நல்லா யோசிச்சிட்டன். இந்தக் காணியில என்ர பாதி சும்மாதானே கிடக்கு. இவ்வளவு உழைக்கிற ஒரு ஆளுக்குச் சொந்தமா ஒரு துண்டு நிலம் இல்லை எண்டு தர்மிளா சொன்னவா. நான் போக முதல் வீரம்மாவின்ர பேருக்கு எழுதிவிடப் போறன்."

வீரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. வாயைத் திறந்தாள், மூடினாள். வீரகத்தி சைக்கிள் சங்கிலியைக் குனிந்து பார்த்தார்.

"சுகந்தி," என்றாள் விமலேஸ்வரி. "இந்தத் தோட்டம் செய்யிறது நான்."

"என்னக்கா?"

"வீரம்மாவுக்கு நான் குத்தகைக்குக் குடுக்கேல்லை. இந்தப் பந்தல், கத்தரி, எல்லாம் நான்தான். பையில வாறதும் என்ர காய்தான்."

சுகந்தினி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். அந்த இரக்கம்தான் விமலேஸ்வரிக்கு அதிகம் சுட்டது.

"காணி எண்டவுடன உங்களுக்கு இப்பிடிக் கதைக்க வருதே அக்கா. உங்களால குந்தவே ஏலாது."

"இல்லை பிள்ளை, அவதான் செய்யிறவா," என்றார் வீரகத்தி.

"நீங்கள் சும்மா இருங்கோ அத்தான். நீங்கள் அவ சொல்லுறதைத்தான் சொல்லுவியள்."

விமலேஸ்வரி கதிரையை விட்டு எழும்பினாள். நேரே பந்தலுக்குப் பின்னால் போய், வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெயின்ற் வாளியை இழுத்தெடுத்தாள். கத்தரி வரிசையின் தலைப்பில் அதைப் போட்டு அதன்மேல் இருந்தாள். சத்திரசிகிச்சை செய்த காலை நீட்டி, நல்ல காலைப் பக்கவாட்டில் வைத்து, இரண்டு கையாலும் புல்லுப் பிடுங்கத் தொடங்கினாள். எட்டியது முடிந்ததும் வாளியை முன்னே தள்ளி மறுபடி இருந்தாள். வாளி போவதற்கென்றே வரிசை நெடுக ஒரு வழி தேய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளினாள், ஒரு புழுவை நசுக்கினாள், வரிசையின் முடிவுவரை திரும்பிப் பார்க்கவேயில்லை.

"நான் குந்தேல்லை," என்றாள் அங்கிருந்து. "வாளியிலதான் இருக்கிறனான்."

சுகந்தினி வரிசையோடு நடந்து அவளிடம் போனாள். பிடுங்கிப் போட்ட புல்லைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். கடைசியில், "அப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கட காயைத்தான் உங்களுக்கு வாங்கித் தந்தனானோ?" என்றாள்.

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ சந்தோசமா இருந்தாய்."

சுகந்தினிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோபத்தைத்தான் வெளியே விட்டாள். வைத்தியரின் பெயரைச் சொன்னாள், சத்தியத்தைச் சொன்னாள், கனடாவில் தான் நித்திரை இல்லாமல் கிடந்ததைச் சொன்னாள். விமலேஸ்வரி வாளியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

அப்போது மாமரத்தடியிலிருந்து வீரம்மா மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, காணி எழுதுறேன்னு சொன்னீங்களே. அது என் பேருக்குன்னு சொன்னீங்களா, தோட்டம் செய்றவங்க பேருக்குன்னு சொன்னீங்களா?"

அவள் பகிடி விடவில்லை. தகப்பன் காடு வெட்டிய துண்டிலிருந்து எழும்பச் சொல்லி யாராவது வருவார்களோ என்று பார்த்துப் பார்த்தே கிழவியாகிக்கொண்டிருந்தவள் அவள். காணி என்ற சொல்லைக் கேட்டபிறகு அதைக் கேட்காதவள் மாதிரி வீட்டுக்குப் போக அவளால் முடியவில்லை.

அன்றிரவு சுகந்தினி அக்காவோடு கதைக்கவில்லை. விடிந்ததும் தனியாகப் போய், வீரம்மாவின் மரவள்ளித் துண்டைப் பார்த்துவிட்டு வந்தாள். படத்தில் சிரித்த வீரம்மாவுக்குக் காணி கொடுப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது. மரவள்ளிக்கு நடுவில் ஊத்தை உடுப்போடு நின்று, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்ட வீரம்மாவுக்குக் கொடுப்பது அவ்வளவு சுகமாக இருக்கவில்லை. வேண்டாமென்று சொல்லவும் முடியாது. ஏனென்றால், முதல்நாள் தோட்டத்துக்குப் புறப்படுமுன்பே வீரம்மாவின் படத்தோடு தன் முடிவையும் பேஸ்புக்கில் போட்டிருந்தாள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இவ்வளவு பேர் வாழ்த்திய பிறகு, ஆள் மாறிப்போய்விட்டது என்று எழுதுவது எப்படி?

கடைசியில் தன் பாதியை இரண்டாக்கினாள். வாய்க்கால் பக்கத்துத் துண்டு வீரம்மாவுக்கு, மற்றது அக்காவுக்கு. நொத்தாரிசிடம் போய் உறுதி முடித்துவிட்டுத்தான் பிளேன் ஏறினாள். புறப்படும்போது விமலேஸ்வரியைக் கட்டிப்பிடித்து, "வாளியை விட்டு எழும்பாதேங்கோ," என்றாள். அது அனுமதியா கட்டளையா என்று விமலேஸ்வரிக்கு விளங்கவில்லை.

வேலிக் கட்டை நட்டு முடியும்வரை விமலேஸ்வரி வீரம்மாவோடு கதைக்கவில்லை. போனது காணி மட்டுமல்ல, வாய்க்கால் பக்கம். வீரம்மாவும் வலிந்து கதைக்கவில்லை. வாய்க்கால் அவளுடைய பக்கம், தண்ணீர் இறைக்கிற மோட்டர் விமலேஸ்வரியின் பக்கம். ஒருத்தியில்லாமல் மற்றவளுக்குத் தண்ணீர் இல்லை என்பதை இருவரும் வெயில் ஏற ஏறத்தான் உணர்ந்தார்கள்.

ஒரு காலை வீரம்மா கட்டைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, குழாயைக் கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் போட்டுக்கிறேங்க. உங்க மோட்டர் தண்ணி இழுக்கிற வாய் என்னோட வாய்க்கால்லதான் கெடக்குது, அது கெடக்கட்டும்."

விமலேஸ்வரி குழாயை இழுத்துக்கொண்டு தானே போனாள். வீரம்மா கத்தரிக் கன்று நட்டிருந்தாள். விமலேஸ்வரி ஒரு வரிசையைப் பார்த்தாள், மற்ற வரிசையையும் பார்த்தாள்.

"நெருக்கி நட்டிட்டாய் வீரம்மா. வளர்ந்தால் ஒண்டுக்கு ஒண்டு மறைக்கும். ஒண்டுவிட்டு ஒண்டு பிடுங்கு."

வீரம்மா குனிந்து ஒரு கன்றின் அடியில் மண்ணை அணைத்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"இருக்கட்டும் அக்கா. என் காணியில நான் நட்டபடியே ஒருக்கா நின்னு பாக்கட்டும்."

விமலேஸ்வரி குழாயைப் பாத்தியில் போட்டுவிட்டு மோட்டரைப் போடப் போனாள்.